கையெழுத்துப் போட்ட 49ஓ-வும் கல்லூரி ஓட்டுக் கணக்கும்

தோழர்களே, குற்றாலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவிக்கு ஓட்டு சங்கரன்கோவில் பக்கமோ வாசுதேவநல்லூர் பக்கமோ சொந்த ஊரில் இருக்கலாம். அதனால் 'நம்ம கல்லூரியில் எத்தனை பேர் ஓட்டுப் போட்டோம்?' என்ற கேள்விக்கு எந்த ஒரு வாக்குச்சாவடியின் கணக்கும் பதில் சொல்லாது. சரி, வந்தவர்களின் பெயர்ப் பட்டியலை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தால் என்ன?

அமெரிக்காவில் அப்படித்தான் செய்தார்கள். அங்கே ஒருவர் ஓட்டுப் போட்டாரா என்பது (யாருக்கு என்பதல்ல) அரசுப் பதிவில் பார்க்கக் கிடைக்கும். 2013இல் தொடங்கிய டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு, அந்தப் பதிவைக் கல்லூரிச் சேர்க்கைப் பதிவோடு ஒப்பிட்டு, பெயர்களை நீக்கிவிட்டு மொத்தக் கணக்கை மட்டும் கல்லூரிகளுக்குக் கொடுத்தது.

இங்கே வழி வேறு. வாக்குச்சாவடியில் நாம் கையெழுத்துப் போடும் 17ஏ பதிவேடு முத்திரையிடப்படுகிறது. 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் 93ஆம் விதிப்படி, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அதைத் திறக்கக் கூடாது. இந்தப் பூட்டு நமக்கு நல்லதுதான். 49ஓ-வை நினைத்துப் பாருங்கள். யாருக்கும் ஓட்டில்லை என்றால் வாக்குச்சாவடி அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்லி, பதிவேட்டில் அதற்கெதிரே கையெழுத்துப் போட வேண்டும். கட்சி முகவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்கள். ஊர்த்தெருக்காரரின் வயலில் கூலிக்குப் போகும் ஒருவர் அதைச் செய்வாரா? 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் அந்த முறை இரகசியத்தை மீறுகிறது என்றது, நோட்டா வந்தது. ஓட்டுப் போடாமல் இருக்கும் முடிவுக்கும் இரகசியம் உண்டு என்பதை அந்தத் தீர்ப்பு ஏற்றது.

ஆனால் பெயரை மறைத்தால் மட்டும் போதாது. ஒரு சாவடி முழுக்கச் சேரி ஓட்டு என்றால், அந்தச் சாவடியின் எண்ணிக்கையே காட்டிக்கொடுத்துவிடும். வாக்குச்சீட்டுக் காலத்தில், மிரட்டல் அச்சம் உள்ள தொகுதிகளில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண 59ஏ விதி இருந்தது. இயந்திரம் வந்ததும் சாவடிவாரியாக எல்லாம் வெளியே தெரிந்தது. பல இயந்திரங்களின் ஓட்டுகளைச் சேர்த்துக் காட்டும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இல் கேட்டது. சட்ட ஆணையமும் 2015இல் தன் 255ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை.

ஆகவே கல்லூரியில் கணக்கெடுக்கும் தோழர்கள் பெயர், பதிவெண், கைபேசி எண் எதையும் கேட்காதீர்கள். சாதியை எழுதச் சொல்லாதீர்கள். வெறும் துண்டுச்சீட்டு, ஒரு பெட்டி. ஆதிதிராவிடர் நல விடுதியில் இருந்து பத்துப் பேர்தான் எழுதியிருந்தால் அதைத் தனிக் கணக்காக வெளியிட வேண்டாம், மொத்தத்தில் சேர்த்துவிடுங்கள். கேள்வி மூன்று போதும்: பட்டியலில் பெயர் இருக்கிறதா? ஓட்டுப் போட்டீர்களா? போடவில்லை என்றால் என்ன தடுத்தது, பஸ் செலவா, மறுநாள் தேர்வா, ஊரில் பயமா?