ஒரே பாட்டு, இரண்டு தட்டு

ஒரே பாட்டை ஒரே பாடகர் பாடிய இரண்டு இசைத்தட்டுகள் உங்கள் முன் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். ஒன்றில் குரல் கணீரென்று ஒலிக்கிறது. மற்றொன்றில் இரைச்சலுக்கு நடுவே, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பாடுவதுபோல் கேட்கிறது. எது சிறந்தது என்று கேட்டால் பெரும்பாலோர் முதலாவதையே காட்டுவர். ஆனால் அவர்கள் தேர்ந்தெடுத்தது பாட்டையா, பதிவையா? இந்த இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. அதற்குக் காதும் வேண்டும். கொஞ்சம் பௌதிகமும் வேண்டும்.

மேலை நாட்டினர் இதை ஒரு கலையாகவே வளர்த்திருக்கின்றனர். பீத்தோவனின் ஐந்தாம் சிம்ஃபொனியை எடுத்துக் கொள்வோம். அது எழுதி வைக்கப்பட்ட இசை. எந்த நாட்டில் எந்தக் குழு வாசித்தாலும் சுரங்கள் மாறா. ஆகவே ஒரு நடத்துநரின் பதிவை மற்றொருவரின் பதிவோடு வரிக்கு வரி ஒப்பிட முடிகிறது. 1913-ஆம் ஆண்டில் ஆர்தர் நிக்கிஷ் என்பவர் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் குழுவைக் கொண்டு இதனைப் பதிவு செய்தார். அரைமணி நேரத்துக்கும் மேற்பட்ட அந்த இசையை எட்டுப் பக்கங்களாக வெட்ட வேண்டியிருந்தது. இன்று அதைக் கேட்பவர்கள், "வாசிப்பு அருமை, ஒலி மோசம்" என்று இரண்டு தனித்தனி மதிப்பெண்கள் போடுகின்றனர். நம்மவர் சிம்ஃபொனிக்கு இந்த வாய்ப்பு இன்னும் சரியாக அமையவில்லை. இளையராஜா 1993-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் ஃபில்ஹார்மோனிக் குழுவைக் கொண்டு பதிவு செய்த சிம்ஃபொனி வெளிவரவில்லை. அவருடைய 'வேலியண்ட்' 2025 மார்ச் 8 அன்றுதான் லண்டனில் அரங்கேறியது. ஒப்பிடுவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகள் வேண்டுமல்லவா?

ஆனால் கர்நாடக இசையிலும் நாடக இசையிலும் நமக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட தட்டுகள் இருக்கின்றன. அவற்றுள் முன்வரிசையில் நிற்கும் பெயர்களில் ஒன்று நம் ஊரின் பெயரைத் தாங்கியது என்பது சேலத்து மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

குழல் காலம்

கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பெர்க் 1902-ஆம் ஆண்டின் இறுதியில் கல்கத்தாவில் வந்திறங்கினார். அங்கே கௌஹர் ஜான் முதலிய பாடகியரைப் பதிவு செய்தார். மெழுகில் எடுத்த அந்தப் பதிவுகள் கப்பலேறி ஜெர்மனியிலுள்ள ஹனோவர் நகருக்குச் சென்று, அங்கே தட்டுகளாக அச்சாகித் திரும்பின. கௌஹர் ஜான் பாட்டின் முடிவில் தம் பெயரைச் சொல்லி முடிப்பார். எந்தத் தட்டு யாருடையது என்று மொழி அறியாத தொழிலாளர்கள் அடையாளம் காண அது உதவிற்று. அடுத்த சில ஆண்டுகளில் கம்பெனியாரின் கருவிகள் சென்னைக்கும் வந்தன. அப்படிப் பதிவான தென்னாட்டுப் பாடகியருள் ஒருவர்தான் சேலம் கோதாவரி.

அக்காலத்தில் ஒலிவாங்கி கிடையாது. பாடுபவர் ஒரு பெரிய தகரக் குழலின் வாய்க்குள் பாட வேண்டும். குழலின் மறுமுனையில் ஒரு மெல்லிய தகடு அதிரும். அதனோடு இணைந்த ஊசி, சுழலும் மெழுகில் வரி கீறும். மின்சாரத்தின் உதவி எள்ளளவும் இல்லை. பாடகரின் மூச்சின் ஆற்றலே மெழுகைக் கீற வேண்டும். இம்முறையில் சுமார் 170 ஹெர்ட்ஸ் முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளே ஓரளவு ஒழுங்காகப் பதிவாயின. மனிதக் காது கேட்பதோ 20 முதல் 20,000 வரை.

இந்த எண்களை நம் இசையோடு பொருத்திப் பாருங்கள். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆணின் ஆதார சட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். அது குழலின் எல்லைக்குக் கீழே போய்விடுகிறது. ஐந்து கட்டையானால் 196, எல்லைக்குள் வந்துவிடுகிறது. ஆகவே உயர்ந்த சுருதியில் பாடும் பெண்களின் குரலும், நாடக மேடையில் உச்சத்தில் பாடிய ஆண்களின் குரலும் குழலுக்கு ஏற்றவையாக இருந்தன. முதல் பட்டியல்களில் பெண்களின் பெயர்கள் மிகுந்திருப்பதற்குச் சமூகக் காரணம் ஒன்று உண்டு: பெரிய வித்துவான்கள் பலர் குழலின் முன் பாடத் தயங்கினர். பௌதிகக் காரணமும் அதனோடு சேர்ந்துகொண்டது என்பது என் கருத்து.

தம்பூராவின் மந்தர ஒலியும் மிருதங்கத்தின் தொப்பி நாதமும் அந்தத் தட்டுகளில் ஏறக்குறைய இல்லை. மேலை நாட்டிலும் இதே தொல்லை; அங்கே பேஸ் வயலினுக்குப் பதிலாக டியூபா என்னும் பித்தளைக் குழலை ஊதச் செய்தனர். ஆயினும் பழைய தட்டில் ஆண் குரலைக் கேட்கும்போது அது ஆண் குரலாகத்தான் கேட்கிறது. எப்படி? 131 போய்விட்டாலும் அதன் மேற்சுரங்களாகிய 262, 393, 524 ஆகியவை தட்டில் உள்ளன. இவற்றுக்கிடையே சீராக 131 இடைவெளி இருப்பதைக் கொண்டு நம் மூளையே இல்லாத அடிச்சுரத்தை இட்டு நிரப்பிக் கொள்கிறது. பழைய தட்டைக் கேட்பவர் பாதி வேலையைத் தாமே செய்கிறார்!

இரைச்சல் எங்கிருந்து?

அந்தத் தட்டு அரக்கினால் ஆனது. நம் நாட்டுக் காடுகளில் அரக்குப் பூச்சி சுரக்கும் அதே அரக்கு. ஆனால் அரக்கு ஒரு பகுதிதான்; மீதி பெரும்பாலும் கல் தூள். எஃகு ஊசியைத் தேய்த்து வரியின் வடிவத்துக்குப் பொருந்தச் செய்யவே கல் தூள் சேர்க்கப்பட்டது. ஊசி தேயும்போது எழும் கரகரப்புத்தான் நாம் கேட்கும் இரைச்சல். இதனாலேயே பக்கத்துக்கு ஓர் ஊசி மாற்ற வேண்டும் என்பார்கள். சிக்கனம் கருதி ஒரே ஊசியில் பத்துப் பாட்டுப் போட்ட வீடுகளின் தட்டுகள் இன்று கேட்கத் தகுதியற்றவை. ஒலிப்பெட்டியின் எடையோ 100 கிராமுக்கும் மேல்!

இன்னொன்றையும் கவனியுங்கள். 10 அங்குலத் தட்டில் ஊசி சுமார் 250 சுற்று வருகிறது. நிமிடத்துக்கு 78 சுற்று என்றால் மூன்று நிமிடங்களுக்குச் சற்று மேல். ஓரத்தில் வரி நொடிக்கு 98 சென்டிமீட்டர் வேகத்தில் ஊசியைக் கடக்கிறது. உள்பக்கத்திலோ 41 சென்டிமீட்டர்தான். 5,000 ஹெர்ட்ஸ் அதிர்வு ஒன்றின் அலை ஓரத்தில் 0.2 மில்லிமீட்டர் நீளம், உள்ளே 0.08 மட்டுமே. ஊசி முனையின் ஆரமே ஏறக்குறைய 0.07. அலையும் முனையும் ஒரே அளவானால் முனை எப்படி அலைக்குள் இறங்கும்? ஆகவே பாட்டின் முடிவு தொடக்கத்தைவிட மங்கலாகவே ஒலிக்கும். பாடகர் களைத்துவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள்.

1925-ஆம் ஆண்டில் மின்சாரப் பதிவு வந்தது. ஒலிவாங்கியும் பெருக்கியும் சேர்ந்து எல்லையைச் சுமார் 100 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை விரித்தன. வீணை தனம்மாளின் மெல்லிய வாசிப்பு 1930-களில் தட்டில் ஏற முடிந்தது இதனால்தான். நாகசுரத்துக்கு இந்தத் தயவு அத்தனை தேவைப்படவில்லை!

கிட்டப்பாவின் சுருதி

இனி, இசையன்பர்களிடையே அடிக்கடி எழும் ஒரு வாதத்துக்கு வருவோம். செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா 1933-ஆம் ஆண்டில் 27 வயதில் மறைந்தார். அவருடைய குரல் இன்று நமக்குத் தட்டுகளில் மட்டுமே உண்டு. "அந்தச் சுருதியை இனி யார் தொட முடியும்?" என்று ஒரு சாரார் சொல்வர். "தட்டை வேகமாக ஓட்டுகிறீர்கள், ஐயா" என்று மற்றொரு சாரார் சிரிப்பர்.

இரு சாராரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. 78 என்பது பிற்காலத்தில் உறுதியான எண். தொடக்க காலத் தட்டுகள் சுமார் 70-க்கும் 82-க்கும் இடையே பல வேகங்களில் பதிவாயின. வேகம் கூடினால் எல்லா அதிர்வெண்களும் அதே விகிதத்தில் கூடும். அரைக் கட்டை உயர வேண்டுமானால் அதிர்வெண் சுமார் 6 விழுக்காடு ஏற வேண்டும். 75 சுற்றில் பதிவான தட்டை 80-ல் ஓட்டினால் ஏற்றம் 6.7 விழுக்காடு. அதாவது ஐந்து கட்டைப் பாடகர் ஐந்தரைக் கட்டைப் பாடகர் ஆகிவிடுவார்! அதே தட்டை 78-ல் ஓட்டினால் ஏற்றம் 4 விழுக்காடு. அரைக் கட்டைக்கும் குறைவு.

ஆகவே வேகப் பிழை அரைக் கட்டையைத் தரலாம், இழக்கலாம். இரண்டு மூன்று கட்டைகளைத் தர அதனால் இயலாது. அத்தனை பிழை இருந்தால் குரலின் தன்மையே கெட்டுக் குழந்தை பேசுவது போலாகிவிடும். பிருகாக்களும் இயற்கைக்கு மாறாக ஓடும். கிட்டப்பாவின் உயர்ந்த சுருதி உண்மையானதே என்று கொள்ள இது போதும். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமே! காதின் கூர்மை 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையில் மிகுதி. உயர்ந்த சுருதியில் வலுவாக எடுக்கும் குரலின் மேற்சுரங்கள் அங்கே செறிந்து நிற்கின்றன. 'சரியாக எந்த அரைக் கட்டை?' என்பது மட்டுமே திறந்து நிற்கும் கேள்வி.

பக்கத்தில் ஒலிக்கும் ஆர்மோனியத்தை அளவுகோலாகக் கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல யோசனை. அதன் நாக்குகள் பாடகரின் மனநிலைக்கு ஏற்ப மாறா. ஆனால் ஆர்மோனியங்களும் ஒன்றுபோல் இல்லை. ஏ என்னும் சுரம் 440 ஹெர்ட்ஸ் என்று பன்னாட்டு அளவில் முடிவானது 1939-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் 435 முதலிய அளவுகளும் புழங்கின. என்றாலும் இந்த வேறுபாடு 1 விழுக்காட்டை ஒட்டியதே. 6 விழுக்காட்டு வழக்கைத் தீர்க்க 1 விழுக்காட்டுப் பிழையுள்ள சாட்சி போதாதா?

கிட்டப்பாவின் துணைவி கே. பி. சுந்தராம்பாளின் குரல் இவ்வகை ஆய்வுக்கு இன்னும் சிறந்த பொருள். நாமக்கல் மாவட்டத்துக்கு எதிரே, காவிரியின் மேல்கரையிலுள்ள கொடுமுடிதான் அவர் ஊர். அரக்குத் தட்டில் அவர் குரல் உண்டு; 1953-ஆம் ஆண்டின் 'ஔவையார்' படத்தில் உண்டு; பின்னாளில் நாடாவில் பதிவாகி நெடுநேரத் தட்டுகளிலும் வந்தது. திரைப்படத்தின் ஒலித்தடம் நொடிக்கு 24 சட்டங்கள் என்ற வேகத்தில் ஓடுவது. படத்தோடு பிணைந்திருப்பதால் அதன் வேகத்தை மனம்போல் மாற்ற முடியாது. எனவே சுருதியைப் பொறுத்தவரை திரைப்படம் தட்டைவிட நம்பத்தக்க சாட்சி. டி. ஆர். சுந்தரம் 1935-ஆம் ஆண்டில் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களின் பாட்டுகளையும் தட்டோடு இப்படி ஒப்பிட்டுப் பார்க்கலாம். சில பாட்டுகள் தட்டில் குறுகியிருப்பது புலப்படும். மூன்று நிமிடக் கட்டாயம் அங்கேயும் விடவில்லை.

நீங்களே ஒப்பிட

பழைய தட்டுகள் இன்று கணிப்பொறி வழியாகத் தூய்மையாகி எளிதில் கிடைக்கின்றன. ஒரே தட்டுக்கு இரண்டு மூன்று பிரதிகள் கிடைத்தால் முதலில் இரண்டின் ஒலி அளவையும் சமப்படுத்திக் கொள்ளுங்கள். சற்று உரக்கக் கேட்பதே நல்லது என்று காது தீர்ப்பளித்துவிடும். என் மாணவர்களிடம் பலமுறை இதைச் சோதித்திருக்கிறேன். பிறகு இரைச்சல் சிறிதும் இல்லாத பிரதியைச் சந்தேகியுங்கள். இரைச்சலும் குரலின் மேற்சுரங்களும் ஒரே வட்டாரத்தில் குடியிருப்பவை. ஒன்றை அடியோடு விரட்டியவர் மற்றொன்றையும் விரட்டியிருப்பார். 'ச', 'ஷ' போன்ற எழுத்துகள் தெளிவாக உள்ளனவா என்று கேளுங்கள்; இவை மங்கியிருந்தால் வடிகட்டல் மிஞ்சிவிட்டது. கரகரப்போடு கூடிய பிரதியையே நான் விரும்புவேன். சில நிமிடங்களில் காது அதை மறந்துவிடுகிறது.

வீட்டில் பழைய சாவி கிராமபோன் இருக்குமானால் அதன் வேகத்தையும் அளந்துவிடலாம். ஒரு வட்ட அட்டையின் விளிம்பில் சம இடைவெளியில் 77 கறுப்புக் கோடுகள் வரைந்து தட்டின் மேல் வையுங்கள். நம் மின்சாரம் 50 சுற்று வகை. ஆகவே விளக்கு நொடிக்கு 100 முறை, நிமிடத்துக்கு 6,000 முறை மின்னுகிறது. 6,000-ஐ 77-ஆல் வகுத்தால் 77.92. அந்த வேகத்தில் ஒவ்வொரு மின்னலுக்கும் ஒரு கோடு நகர்ந்து முன்னதன் இடத்தில் வந்து நிற்பதால், கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். முன்னே ஊர்ந்தால் வேகம் மிகுதி, பின்னே ஊர்ந்தால் குறைவு. 60 சுற்று மின்சாரமுள்ள அமெரிக்காவில் 92 கோடுகள் வரைவார்கள். அவர்களுடைய 78 உண்மையில் 78.26. இன்றைய எல்.இ.டி. விளக்குகளில் பல இப்படி மின்னுவதில்லை. பழைய சோக் வைத்த குழல் விளக்கின் கீழ் வைத்துப் பாருங்கள்.