எஸ்யூவி ஸ்டீயரிங் உதறுதா? அலைன்மென்ட்டுக்கு ஓடுறதுக்கு முன்னாடி இதைக் கவனிங்க!

திண்டிவனம் தாண்டியதும் ரோடு காலியாக இருக்கிறது. உங்கள் எஸ்யூவி 80-ஐத் தாண்டுகிறது. ஸ்டீயரிங் லேசாக உதற ஆரம்பிக்கிறது. 90-ல் கை மரத்துப்போகிற அளவுக்கு அதிர்வு. வேகத்தைக் குறைத்தால் சுத்தமாகக் காணோம்!

இந்த மாதிரி நேரத்தில் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். அடுத்த டயர் கடையில் நிறுத்தி, ‘ஒரு அலைன்மென்ட் பண்ணிடுங்கண்ணே’ என்பது. காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினால், 80-ல் மறுபடியும் அதே உதறல். அலைன்மென்ட் தப்பினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், டயர் ஓரமாகத் தேயும், நேர் ரோட்டிலும் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். ஆனால், உதறலுக்கு அது நேரடிக் காரணம் கிடையாது. சுற்றுகிற ஏதோ ஒன்று ஒழுங்காகச் சுற்றவில்லை, அல்லது இறுக்கமாக இருக்க வேண்டிய ஏதோ ஒன்று தளர்ந்துவிட்டது. உதறலுக்கு அர்த்தம் இதுதான். எது என்பதை, உதறல் எப்போது வருகிறது என்பதை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம்.

அதற்கு முன்னாடி ஒரு அவசர விஷயம். பஞ்சர் போட்டோ, டயர் மாற்றியோ ஓரிரு நாளில் திடீரென ஆட்டம் வந்தால், ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். உடனே ஓரமாக நிறுத்தி வீல் நட்களைப் பாருங்கள். நட் தளர்ந்த வீல் கழன்றே ஓடிவிடும். வீலைக் கழற்றி மாட்டிய பிறகு, 50 முதல் 100 கி.மீ ஓடியதும் ஒருமுறை நட்களை இறுக்கிப் பார்ப்பது நல்லது. பல பேர் இதைச் செய்வதே இல்லை.

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வரும் உதறலுக்கு முதல் சந்தேகம், வீல் பேலன்சிங். ரிம்மில் ஒட்டியிருக்கும் குட்டி எடை கழன்று விழுந்திருக்கும். ‘இத்தனூண்டு எடைக்கா இவ்வளவு ஆட்டம்?’ என்று தோன்றும். ஒரு கணக்குப் போடுவோம். சுமார் 70 செ.மீ விட்டமுள்ள எஸ்யூவி டயர், 100 கி.மீ வேகத்தில் விநாடிக்குப் பன்னிரண்டு முறைக்கும் மேல் சுற்றும். 17 இன்ச் ரிம்மின் விளிம்பில் வெறும் 30 கிராம் வித்தியாசம் இருந்தால், அந்த வேகத்தில் அது கிட்டத்தட்ட 4 கிலோ எடைக்குச் சமமான விசையோடு வீலை இழுக்கும். ஒவ்வொரு சுற்றிலும் மேலே, கீழே, முன்னே, பின்னே என்று! உதறாமல் என்ன செய்யும்?

எடை விழாமலும் இது நடக்கும். தோட்டத்துக்கோ, மண் ரோட்டுக்கோ போய் வந்தீர்களா? ரிம்மின் உள்பக்கம் ஒட்டிக் காய்ந்த சேறே போதும். டயர் கடைக்குப் போவதற்கு முன், உள்பக்கமும் சேர்த்துத் தண்ணீர் அடித்துக் கழுவிப் பாருங்கள். செலவில்லாமல் வேலை முடிந்தாலும் முடியும். பெரிய அலாய் மாற்றியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வெளியில் வாங்கும் அலாய்களின் நடு ஓட்டை, வண்டியின் ஹப்பைவிடப் பெரிதாக இருக்கலாம். நடுவில் அதற்கான ரிங் போடாவிட்டால் வீல் மையத்தில் உட்காராது. எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் உதறல் போகாது.

பேலன்சிங் கோளாறு என்றால் 30, 40-ல் பெரும்பாலும் தெரியாது. அந்த வேகத்திலேயே ஸ்டீயரிங் இடமும் வலமுமாக ஆடினால், டயரையோ ரிம்மையோ சந்தேகப்படுங்கள். பள்ளத்தில் ‘டமார்’ என்று இறங்கியதில் ரிம் வளைந்திருக்கலாம், டயருக்குள் இருக்கும் கம்பி அடுக்கு பிரிந்திருக்கலாம். டயரைக் கையால் தடவிப் பாருங்கள். எங்காவது புடைப்பு தட்டுப்பட்டால், அந்த டயரில் ஹைவே போகவே கூடாது. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும் வயதான டயரை நம்ப முடியாது. மாதக்கணக்கில் நின்ற வண்டி, கிளப்பியதும் தடதடவென்று ஆடிவிட்டு, சில கிலோமீட்டரில் சரியாகிவிட்டால் பயப்பட வேண்டாம். நின்ற இடத்தில் டயர் தட்டையாகிப் பிறகு சரியானதுதான்.

பிரேக் பிடித்தால் மட்டும் ஆடுதா?

அப்போது டயரை விட்டுவிட்டு டிஸ்க்கைப் பாருங்கள். பிரேக் பெடலும் காலுக்கடியில் துடித்தால் சந்தேகமே வேண்டாம். ‘டிஸ்க் வளைஞ்சிருச்சு’ என்பார் மெக்கானிக். பெரும்பாலும் நடப்பது, டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிடுவது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கி, கீழே வந்ததும் டீக்கடையில் பிரேக்கை அழுத்தியபடி நின்றால், கொதிக்கும் டிஸ்க்கில் பேடின் பூச்சு ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தச் சூட்டோடு வாட்டர் வாஷ் விட்டால் இன்னும் மோசம். இரண்டு டன் எடையை பிரேக்கை மட்டும் நம்பி இறக்காதீர்கள். கியரைக் குறைத்து இறங்குங்கள். டிஸ்க்கின் குறைந்தபட்ச தடிமன் பொதுவாக டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்கு மேல் இருந்தால் கடைசல் போட்டுச் சரிசெய்யலாம், இல்லையென்றால் மாற்றித்தான் ஆக வேண்டும். திடீர் பிரேக்கில் ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் துடிப்பது வேறு கதை. அது கோளாறு இல்லை.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் உதறி, காலை எடுத்ததும் நின்றால், க்ரெட்டா, ப்ரெஸ்ஸா போன்ற முன்சக்கர டிரைவ் வண்டிகளில் ஆக்ஸில் ஜாயின்ட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஸ்கார்ப்பியோ, பொலேரோ என்றால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ்.

ஜிம்னி, பழைய ஜிப்ஸி, ஜீப் ரேங்ளர் ஓட்டுபவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். இவற்றில் இரண்டு முன்சக்கரங்களும் ஒரே ஆக்ஸிலில் இணைந்திருக்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் அடிபட்டால் ஆட்டம் இன்னொன்றுக்கும் தொற்றி, ஸ்டீயரிங் கையில் நிற்காமல் வெறித்தனமாக ஆடும். ‘டெத் வாபிள்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஆட்டத்துக்கு எதிராக ஸ்டீயரிங்கைத் திருப்பிச் சண்டை போடாதீர்கள், பிரேக்கையும் ஓங்கி அடிக்காதீர்கள். உறுதியாகப் பிடித்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். வேகம் குறையக் குறைய ஆட்டம் அடங்கும், ஓரமாக நிறுத்துங்கள். ‘ஸ்டீயரிங் டேம்பரை மாத்தினா சரியாயிடும்’ என்று யாராவது சொன்னால் அதோடு விடாதீர்கள். டேம்பர் ஆட்டத்தை மறைக்கும், அவ்வளவுதான். டை ராடு எண்ட், கிங் பின் பேரிங், புஷ், வீல் பேரிங் என ஏதோ ஒன்று தேய்ந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

தளர்ச்சி இருக்கிறதா என்பதை எந்த வண்டியிலும் ஒர்க்‌ஷாப்பில் உங்கள் கண்முன்னேயே பார்க்கலாம். முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, வீலை மேலும் கீழும் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராடு எண்ட்.

நான்கு டயரும் ஒரே சைஸ் என்றால், முன்வீல்களைப் பின்னால் மாற்றி ஓட்டிப் பாருங்கள். உதறல் ஸ்டீயரிங்கை விட்டு சீட்டுக்கு வந்துவிட்டால், கோளாறு அந்த வீல்களில்தான். ஸ்டீயரிங்கிலேயே நின்றால் டிஸ்க், பேரிங், ஜாயின்ட் பக்கம் தேடலாம். சர்வீஸில் ‘ஸ்டீயரிங் ஆடுது’ என்று மட்டும் எழுதிக்கொடுக்காமல், எந்த வேகத்தில், பிரேக்கிலா ஆக்ஸிலரேட்டரிலா, கையிலா சீட்டிலா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முடிந்தால் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு ரவுண்டு போய்வாருங்கள். உதறல் 80-ல்தான் வரும் என்றால், ஒர்க்‌ஷாப் வாசலில் 20-ல் ஓட்டிப் பார்த்துவிட்டு ‘எல்லாம் ஓகே சார்’ என்று சொல்வதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.