வானத்திலிருந்து இறங்கியவர்கள்

பரசூட் என்பதை நாங்கள் முதன்முதலில் கண்ணால் கண்டது 1987 யூன் 4ஆம் திகதி மாலையில். விமானச் சத்தம் கேட்டதும் வழக்கம்போலப் பங்கருக்குள் ஓடினோம். குண்டு விழவில்லை. எட்டிப் பார்த்தால், யாழ்ப்பாணத்து வானத்தில் குடைகள் இறங்கிக்கொண்டிருந்தன. இந்திய விமானப்படையின் ஐந்து அன்ரனோவ் விமானங்கள், மிராஜ் போர்விமானங்களின் காவலோடு வந்து, ஏறத்தாழ 25 தொன் நிவாரணப் பொருட்களைப் போட்டுவிட்டுப் போயின. அந்த நடவடிக்கைக்கு 'பூமாலை' என்று பெயர். மாலை யாருடைய கழுத்துக்கு என்பது பற்றிப் பிறகு நாங்கள் தேவைக்கு அதிகமாகவே பேசிவிட்டோம், இங்கே வேண்டாம். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் பரசூட் கயிறொன்று பல வருடங்கள் உடுப்புக் காயப்போடும் கொடியாக இருந்தது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறோம்.

ஆகவே, மெல்பேர்ணில் எங்கள் நண்பர் ஒருவரின் மகன், தன் 21ஆவது பிறந்தநாளுக்கு விமானத்திலிருந்து குதிக்கப்போவதாக, அதுவும் காசு கட்டிக் குதிக்கப்போவதாகச் சொன்னபோது, தாய் "உனக்கென்ன விசரோ?" என்று கேட்டதில் வியப்பில்லை.

"எல்லாரும்தானே குதிக்கினம், அம்மா."

அந்த 'எல்லாரும்' எப்போது தொடங்கினார்கள் என்று தேடப்போய்த்தான் இக்கட்டுரை வந்தது.

சிட்னியில் எம்மவர் அரிசியும் மிளகாய்த்தூளும் வாங்கப்போகும் ஹோம்புஷிலிருந்து அஷ்பீல்ட் அதிக தூரமில்லை. இந்நாட்டின் முதலாவது பரசூட் இறக்கம் அங்கேதான் நடந்தது. 1888 டிசெம்பர் 8ஆம் திகதி, ஜே. ரி. வில்லியம்ஸ் என்பவர் பலூனில் மேலே போய் அதிலிருந்து குதித்தார். அக்காலத்தில் இது ஒரு கண்காட்சி வித்தை. கழைக்கூத்தாடியைப் பார்க்கக் கூடுவதுபோலக் கூட்டம் கூடியது. இராணுவம் இதைக் கையில் எடுக்க நெடுங்காலம் சென்றது. 1926இல் எலிஸ் வக்கெற் என்ற விமானப்படை அதிகாரி இங்கு முதன்முதலாக இராணுவ விமானமொன்றிலிருந்து குதித்தார். அதுவும் சண்டைக்காக அல்ல. விமானம் பழுதானால் விமானி தப்புவதற்கான வழியாகவே பரசூட் அப்போது கருதப்பட்டது.

படையை வானத்திலிருந்து இறக்கும் எண்ணம் யப்பானியப் போருடன் வந்தது. 1942 நவம்பரில் விக்ரோறியாவின் லவேட்டனில் ஒரு பயிற்சிப் பிரிவு அமைக்கப்பட்டு, ரொக்கம்வாலில் முதற் குதிப்புகள் நடந்தன. அடுத்த ஆண்டு அது சிட்னிக்கு அருகிலுள்ள றிச்மண்ட் விமானத்தளத்துக்குப் போயிற்று. குதிப்பவரின் முதுகுப்பொதியிலிருந்து வரும் நாடாவை விமானத்தினுள் இழுத்துக் கட்டிய கம்பியில் கொளுவிவிடுவார்கள். ஆள் கதவால் வெளியே பாய்ந்ததும் நாடா இறுகிக் குடையை இழுத்து விரிக்கும். அவர் செய்யவேண்டியது தயங்காமல் பாய்வதும், நிலம் வரும்போது கால்களைச் சேர்த்து முழங்காலை மடித்துப் பக்கவாட்டில் உருளுவதுந்தான். உருளத் தெரியாதவனுக்குக் கணுக்கால் போய்விடும்.

1943இல் முதலாவது பரசூட் பட்டாலியன் உருவானது. இங்கேதான் எங்களை உறுத்தும் கதை வருகிறது. அப்பட்டாலியன் போர் முடியும்வரை பயிற்சி செய்தது. ஒரு தடவையேனும் போரில் குதிக்கவில்லை. அதே வேளை, 1943 செப்ரெம்பர் 5ஆம் திகதி நியூகினியின் நட்சாப்பில் அமெரிக்கப் பரசூட் படையோடு குதித்த அவுஸ்திரேலியர்கள் சாதாரண பீரங்கிப் படையினர், முப்பது பேரளவில். அவர்களில் பலருக்கு ஒரேயொரு பயிற்சிக் குதிப்புத்தான் வாய்த்திருந்தது. பீரங்கிகளைத் துண்டுகளாகக் கழற்றிப் போட்டார்கள்; இறங்கியவர்கள் ஆளுயரப் புல்லுக்குள் துண்டுகளைத் தேடிப் பொறுக்கிப் பூட்டினார்கள்.

வடபோர்னியோவின் சண்டக்கானில் யப்பானியர் வசம் அவுஸ்திரேலிய, பிரித்தானியக் கைதிகள் ஏறத்தாழ 2,400 பேர் இருந்தனர். அவர்களை மீட்க இந்தப் பட்டாலியனை இறக்கும் திட்டமொன்று இருந்தது. அது நிறைவேறவில்லை. ஏன் நிறைவேறவில்லை என்பதில் தளபதிகளும் சரித்திரகாரரும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. பசியிலும் நோயிலும் நடைப்பயணங்களிலும் அடியிலும் கைதிகள் செத்துப்போனார்கள். உயிர் தப்பியவர்கள் ஆறு பேர். ஆறு பேரும் ஓடித் தப்பியவர்கள். பரசூட்டின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் குதித்தவர்களைத்தான் எழுதுகிறார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர்களை எழுதுவது குறைவு. எங்களுக்கோ கீழேயிருந்து பார்த்துத்தான் பழக்கம். பட்டாலியன் 1946 யனவரியில் கலைக்கப்பட்டது.

நம்மவர் பெயரொன்றும் இச்சரித்திரத்தில் உண்டு. 1941இல் இந்தியாவில் ஐம்பதாவது பரசூட் பிரிகேட் உருவானபோது, குதித்த முதல் இந்தியர்களில் ஒருவர் வைத்தியர் ஏ. ஜி. ரங்கராஜ். அவர் பெயரின் 'ஏ' ஆற்காட்டைக் குறிப்பது. கொரியப் போருக்கு இந்தியா துருப்பு அனுப்பவில்லை. 60ஆவது பரசூட் கள வைத்தியப் பிரிவை அனுப்பியது. அதன் தலைவர் ரங்கராஜ். 1951 மார்ச் 23ஆம் திகதி மூன்சானில் அமெரிக்கப் படையோடு பன்னிரண்டு பேர் கொண்ட இந்திய வைத்தியக் குழுவும் குதித்தது, அவரும் குதித்தார். மகாவீர் சக்கரம் பெற்றார்.

அந்தப் பிரிவு பொதுநலவாயப் பிரிகேட் ஒன்றின் காயக்காரரைப் பராமரித்தது. அதே பிரிகேட்டில் இருந்ததுதான் அவுஸ்திரேலிய மூன்றாவது பட்டாலியன். அன்சாக் தினத்துக்கு முந்திய நாள், 1951 ஏப்பிரல் 24ஆம் திகதி கப்பியோங்கில் நடந்த சண்டை இங்கு பெரிதாக நினைவுகூரப்படுவது. அச்சமரில் அந்தப் பட்டாலியன் 32 பேரை இழந்தது. 1983இலிருந்து 2011வரை அவுஸ்திரேலியாவின் பரசூட் பட்டாலியனாக இருந்ததும் இதே மூன்றாவது பட்டாலியனே. அன்சாக் தின ஊர்வலத்தை மெல்பேர்ணில் ஓரமாக நின்று பார்க்கும் எங்கள் பிள்ளைகளுக்கு ரங்கராஜின் பெயரைச் சொல்லிக்கொடுக்கலாம். பின்னாளில் அவர் ஆப்கானிஸ்தானில் அம்மை ஒழிப்பில் வேலை செய்தார். அது எங்களுக்குக் குதிப்பைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது.

விளையாட்டாகக் குதிப்பது போருக்குப் பின் வந்தது. 1960இல் அவுஸ்திரேலியப் பரசூட் சம்மேளனம் உருவாயிற்று. மெல்பேர்ணுக்குக் கிழக்கே லபெற்றூஷில் குதிப்பவர்களின் மைதானம் பெயர்பெற்றது. தொடக்ககாலத்தவர்கள் இராணுவம் கழித்த வட்டக் குடைகளை வாங்கி, பின்பக்கத்தில் துணியை வெட்டித் துளைவிட்டு, அதனால் வெளியேறும் காற்றைக்கொண்டு திசை திருப்பினார்கள். சதுரக் குடைகள் எழுபதுகளில் வந்தன. பயிற்றுநரின் நெஞ்சோடு கட்டுண்டு, எதுவும் தெரியாதவரும் குதிக்கும் முறை எண்பதுகளில் வந்தது. எங்கள் பெடியன் குதித்தது அப்படித்தான்.

நாங்களும் போயிருந்தோம். சிறிய விமானம் வட்டமடித்து வட்டமடித்து ஏறியது. தாய் மேலே பார்க்கவில்லை. காருக்குப் பக்கத்தில் ஒதுங்கி, தலையைக் குனிந்தபடி நின்றார். "பழக்கம்," என்றார், யாரும் கேட்காமலே. சத்தம் ஓய்ந்த பிறகுதான் நிமிர்ந்தார். அப்போது குடை விரிந்திருந்தது.

பெடியன் சிரித்துக்கொண்டு ஓடிவந்தான். "அம்மா, மேலை இருந்து பார்க்க நீங்கள் எல்லாரும் சின்னப் புள்ளி மாதிரித் தெரிஞ்சியள்."

"காலமை ஒண்டும் சாப்பிடாமல் வெளிக்கிட்டனி," என்று சொல்லிக்கொண்டு அவர் புட்டுப் பார்சலை அவிழ்த்தார்.