வாவியின் ஒலியும் பெருக்கியின் ஊளையும்

மட்டக்களப்பு வாவியின் இசையைப் பிறநாட்டார்க்கு அறிவித்தோருள் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் குறிப்பிடத்தக்கவர். இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த அவர், 1848 ஆம் ஆண்டு நிலவொளியில் தோணியேறிச் சென்று அதனைக் கேட்டார். அஃது ஒரே சுரமன்று. உச்சமும் மந்தமும் கலந்த எண்ணற்ற சிற்றொலிகள், ஒவ்வொன்றும் தனித்தனியே தெளிவாயிருந்தன. தோணிப் பலகையிற் காதை வைத்தபோது ஒலி மிகுந்தது. 1859 இல் வெளிவந்த தம் நூலில் அவர் இவற்றை எழுதினார். மீனவர்களோ அதனை ஊரியின் அழுகை என்றனர். மீனோ ஊரியோ, அவ்வழக்கு இங்கு வேண்டா.

இத்தகைய ஒலியைத் தொலைவுக்கு அனுப்பும் பெருக்கி, எல்லா மீடிறன்களையும் ஒரே அளவிற் பெருக்குதல் வேண்டும். வெற்றிடக் குழாய்கள் அவ்வாறு செய்யவில்லை. தொலைபேசிப் பாதையிற் பல பெருக்கிகள் தொடர்ந்தபோது திரிபும் பெருகியது. அமெரிக்கப் பொறியியலாளர் ஹரோல்ட் பிளாக், 1927 ஆகஸ்ட் 2 ஆம் நாள், ஹட்சன் ஆற்றைப் படகிற் கடக்கையில் ஒரு வழி கண்டார். (இதுவும் நீரின்மேற் பிறந்த எண்ணமே!) வெளிவரும் ஒலியில் ஒரு பங்கை எதிர்முகமாக உள்ளே திருப்பினால், பெருக்கம் குறையும், திரிபும் உடன் குறையும்.

ஆயினும் இடர் ஒன்று எழுந்தது. மீடிறன் உயர உயர, திரும்பி வரும் பங்கு பின்தங்குகிறது. அரைச் சுற்று பின்தங்கினால் எதிர்த்தது துணையாகிவிடும். அவ்விடத்தில் அப்பங்கின் அளவு தொடக்க அளவிலும் குறையாதிருப்பின், எவரும் பேசாமலே பெருக்கி ஊளையிடும். இதற்குரிய விதியை 1932 இல் ஹரி நைக்குவிஸ்ட் வகுத்தார். ஹென்றிக் போடே அதனை இரு கோடுகளாக எளிதாக்கினார். ஒன்று, மீடிறனுக்கேற்பப் பெருக்கத்தையும், மற்றது பின்தங்கலையும் காட்டும். பின்தங்கல் அரைச் சுற்றாகுமிடத்தில் பெருக்கம் ஒன்றுக்கு எவ்வளவு கீழே நிற்கிறதோ, அதுவே பாதுகாப்பின் அளவு. அறிஞரின் நீண்ட கணக்கை ஒரு தாளிற் கண்ணாற் காணச் செய்தமையே போடேயின் பெருந்தொண்டு.

அமிர்தகழி மாமாங்கேசுவரர் ஆலயத் திருவிழாவிலும் இதனைக் கேட்கலாம். ஒலிபெருக்கியின் ஒலி ஒலிவாங்கிக்குள் மீண்டும் புகும். ஏதேனும் ஒரு மீடிறனில், திரும்பிய ஒலி முன்னையதோடு இயைந்து, அதனிலும் குறையாதிருந்தால், அச்சுரம் மட்டும் வளர்ந்து வீறிடும். கருவியைப் பார்ப்பவர் ஓடிவந்து திருகைக் குறைப்பார். போடேயின் முதற்கோட்டை அவர் சற்றுக் கீழே இறக்கிவிடுகிறார்.