படமும் சொல்லும் பொருளும்

1658 ஆம் ஆண்டில் நியூரம்பர்க் நகரில் கொமேனியஸ் என்னும் கல்வியாளரின் பாடநூல் ஒன்று வெளிவந்தது. ‘ஓர்பிஸ் பிக்டஸ்’ எனச் சுருக்கமாக வழங்கும் அந்நூலில் ஒவ்வொரு பாடமும் ஒரு படத்தோடு அமைந்தது. படத்தின் உறுப்புகளுக்கு எண்கள் இடப்பட்டன. அதே எண்கள் இலத்தீன், ஜெர்மன் வாக்கியங்களிலும் இடம்பெற்றன. நெருப்பு, நீர், மரம், பறவை, மனித உடல் எனப் பொருள்களைக் கண்டவாறே குழந்தைகள் இரு மொழிகளை வாசித்தனர். வாசிப்பையும் அறிவியலையும் ஒருங்கே கற்பிக்கும் படநூல்களுக்கு அதனை முன்னோடி எனலாம்.

படம் இல்லாவிடினும், சொல்லையும் பொருளையும் இணைத்து நோக்கும் மரபு தமிழில் மிகப் பழையது. தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், உள்ளே வயிரம் உடையவற்றை மரம் என்றும் பகுக்கிறது. உரையாசிரியர்கள் தெங்கையும் பனையையும் புல்லினத்துள் அடக்குவர். இன்றைய தாவரவியலும் அவற்றைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்களுள் வைக்கிறது. ‘மாவிலை’ என்று கூறும் நாம், ‘தென்னை ஓலை’ என்றே வழங்குகிறோம். வகைப்பாட்டின் சுவடு இன்றும் நம் பேச்சில் உள்ளது.

கடந்த நூற்றாண்டில் இம்மரபு அச்சு வடிவம் பெற்றது. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1968 முதல் 1976 வரை குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைப் படங்களுடன் 10 தொகுதிகளாக வெளியிட்டது. 1987 இல் தமிழ்நாட்டில் ‘துளிர்’ என்னும் சிறுவர் அறிவியல் இதழ் தோன்றியது.

அதே 1987 இல் சிங்கப்பூர்ப் பள்ளிகள் அனைத்திலும் ஆங்கிலம் முதல்மொழி ஆயிற்று. இங்கிருந்த இறுதித் தமிழ்ப்பள்ளியான உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982 இலேயே மூடப்பட்டிருந்தது. அப்புலவர் பெயர் தாங்கிய தமிழ்மொழி நிலையம் இன்று ஜாலான் புசாரை அடுத்த பீட்டி சாலையில் இயங்குகிறது. தமிழ் பாடமாகத் தொடர்கிறது. அறிவியலோ ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகிறது. பண்டிகைக்கும் உறவுக்கும் தமிழ், வினாவுக்கும் விளக்கத்திற்கும் ஆங்கிலம் என்னும் பிரிவு குழந்தையின் மனத்தில் வேரூன்றுமாயின், சிந்திப்பதற்குத் தமிழ் போதாது என்னும் எண்ணமும் உடன் வளரும். நாம் அஞ்ச வேண்டியது இதுவே.

இங்கு அறிவியல் தனிப்பாடமாகத் தொடங்குவது தொடக்கநிலை மூன்றில். அதற்கு முந்தைய ஈராண்டுகளும் தமிழாசிரியருக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. கரும்பைப் பற்றிய படநூல் ஒன்றை எண்ணுவோம். குறுக்கே வெட்டிய தண்டின் படம். தோல், கணு, சாறு என உறுப்புப் பெயர்கள். கீழே இரண்டு வாக்கியங்கள். மாணவர் முதலில் படத்தைப் பார்த்து ஊகிக்கட்டும், பின் வாசிக்கட்டும், அதன்பின் உண்மைக் கரும்பைத் தொட்டு ஒப்பிடட்டும். புறம் ஏன் வன்மையாக உள்ளது என வினவலாம். வளையும் தண்டில் விசையை மிகுதியாகத் தாங்குவது வெளிப்புறமே என்பதை அவர்கள் தம் சொற்களில் கூறுவர். அடுத்த நூலில் ‘ஒளிச்சேர்க்கை’ என்னும் சொல் வரும்போது, ‘ஒளி’, ‘சேர்க்கை’ எனப் பிரித்து வாசிக்கத் தெரிந்த மாணவருக்குப் பாதிப் பொருள் அச்சொல்லிலேயே விளங்கும்.

நம் பள்ளியாண்டு தொடங்குவது சனவரியில். அதே வாரங்களில்தான் பொங்கலுக்காக லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் கரும்புக் கட்டுகள் வந்திறங்குகின்றன. ஆண்டின் முதற்பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.