நகரிச் சாயமும் வெள்ளைப் பெயிண்டும்

சென்னைக்காரர்களுக்குப் பூண்டி ஏரியைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1944-ல் கட்டி முடித்தது, ஊருக்கே குடிதண்ணீர். அதற்கு வரும் கொசஸ்தலை ஆற்றில், ஆந்திராவிலிருந்து இறங்கும் நகரி ஆறும் கலக்கிறது. திருப்பதிக்கு ரயிலில் போகும்போது ஏகாம்பரகுப்பம், புத்தூர் என்று வருமே, அந்தப் பக்கம். சித்தூர் மாவட்டத்து நகரியைச் சுற்றி விசைத்தறிகளும் சாயப்பட்டறைகளும் ஏராளம். துணியில் ஒட்டாத சாயம் கழிவுநீரோடுதான் போக வேண்டும்.

இந்தச் சாயத்தை வெயிலை வைத்தே அழிக்க ஒரு வழி உண்டு. அதன் சரித்திரம் தொடங்குவது பெயிண்டில் என்றால் நம்புவீர்களா?

வெள்ளைப் பெயிண்டுக்கு வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. அதற்கு மூலமான இல்மனைட் நம்ம மணவாளக்குறிச்சி கடற்கரை மணலிலேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் இந்தப் பெயிண்ட் வெயில் பட்ட சுவர்களில் மாவு மாதிரி உதிர்ந்தது. 1938-ல் குட்ஈவ், கிச்சனர் என்ற இருவர், வெளிச்சத்தில் இந்தப் பொடி சாயத்தை வெளுக்க வைப்பதைக் காட்டினார்கள். பெயிண்ட் கம்பெனிகளுக்கு இது தலைவலி. மற்றவர்கள் அதிகம் கவனிக்கவில்லை.

1972-ல் ஜப்பானின் புஜிஷிமாவும் ஹோண்டாவும், இதே பொருளின் மேல் ஒளி பாய்ச்சித் தண்ணீரைப் பிரித்ததை எழுதியதும்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1977-ல் அமெரிக்காவில் ஃபிராங்க், பார்ட் இருவரும் தண்ணீரில் இருந்த சயனைடை இதே முறையில் ஆக்சிஜனேற்றம் செய்தார்கள். தண்ணீர் சுத்திகரிப்புக்கு இது உதவும் என்ற நம்பிக்கை அப்போது பிறந்தது.

சரி, ஐம்பது வருடம் ஆகப்போகிறது. ஏன் இன்னும் எல்லாச் சாயப்பட்டறையிலும் இது இல்லை?

எல்லாம் நடப்பது பொடியின் மேற்பரப்பில் என்பதுதான் சிக்கல். புற ஊதா ஒளி பட்டதும் ஒரு எலக்ட்ரான் துள்ளி எழும். அது விட்ட இடம் ஒரு 'துளை'. இரண்டில் பெரும்பாலானவை வழியிலேயே மறுபடி சேர்ந்து வீணாகிவிடும். தப்பி மேற்பரப்புக்கு வரும் துளை, அங்கே ஒட்டியிருக்கும் தண்ணீரிலிருந்து ஹைட்ராக்சில் ரேடிகலை உண்டாக்கும். எலக்ட்ரானை ஆக்சிஜன் வாங்கிக்கொள்ளும். ரேடிகல் பொல்லாதது, ஆனால் அற்பாயுசு. சாய மூலக்கூறு பக்கத்தில் இருந்தால்தான் வேலை நடக்கும். பட்டறைத் தண்ணீரிலோ உப்பும் கார்பனேட்டும் அதிகம், அவை ரேடிகலைப் பிடுங்கிக்கொள்ளும். அடர்ந்த நிறம் ஒளியை மறைக்கும். வெயிலில் புற ஊதா பங்கே சுமார் 5 சதவீதம்தான். கடைசியில் பொடியைத் தண்ணீரிலிருந்து வடிகட்டியும் எடுக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று. அசோ சாயத்தில் நைட்ரஜன் பிணைப்பு உடைந்தாலே நிறம் போய்விடும். மிச்சமிருக்கும் துண்டுகள் சில நேரம் சாயத்தைவிட நச்சு. எல்லாம் கார்பன் டை ஆக்சைடாக மாறினால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

உங்கள் பிள்ளைகள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இதைச் செய்தால், "நிறம் போச்சா?" என்று கேட்காதீர்கள். "கார்பன் போச்சா?" என்று கேளுங்கள். கண்ணாடி மாதிரி தெளிந்த தண்ணீரும் பூண்டிக்குப் போய்ச் சேரும், இல்லையா?