சைகோன் பெட்டியில் வந்த தேவதைகள்

சைகோனில் பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக (சிப்பாயாக) இருந்த என் தாத்தா பென்ஷனோடு புதுச்சேரி திரும்பியபோது, தகரப் பெட்டியில் ஒரு பத்தே பேபியும் வந்தது. 1922 கிறிஸ்துமஸுக்கு பிரான்சில் விற்பனைக்கு விட்ட வீட்டு சினிமாக் கருவி அது. ஒன்பதரை மில்லிமீட்டர் பிலிம், கையால் சுற்ற வேண்டும். கூட வந்த சுருள்களில் பாதி தேவதைக் கதைகள்.

மௌனப் படத்தில் கதை சொல்லும் எழுத்து வரும் இடம்தான் அதில் வேடிக்கை. பிலிம் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். அது வந்ததும் படம் சில விநாடி அப்படியே நிற்கும், கை மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். பிலிமை மிச்சம் பிடிக்கக் கம்பெனி செய்த தந்திரம். அதற்குள் தாத்தா பிரெஞ்சைப் படித்துத் தமிழில் சொல்லிவிடுவார், கொஞ்சம் சொந்தச் சரக்கும் சேர்த்து.

இந்தத் தேவதைக் கதைப் படங்களுக்கு மூலபுருஷர் பிரெஞ்சுக்காரர் ஜார்ஜ் மெலியே. 1899இலேயே சிண்ட்ரெல்லாவை எடுத்தவர். எலிசபெத் துய்லியே என்ற அம்மாளின் பட்டறையில் பெண்கள் ஆளுக்கொரு நிறமாக, கட்டம் கட்டமாக அவருடைய பிரதிகளுக்கு வண்ணம் தீட்டினார்கள். முதல் உலகப் போரில் மெலியேவின் பிரதிகள் பலவற்றை பிரெஞ்சு ராணுவம் எடுத்துப்போய் உருக்கியது, பூட்ஸ் குதிகாலுக்காம்! மிஞ்சிய நெகட்டிவ்களை 1923இல் அவரே கொளுத்தினார். அவருடைய ‘நிலவுப் பயணம்’ படத்தின் வண்ணப் பிரதி ஒன்று 1993இல் பார்சிலோனாவில் அகப்பட்டது. 13,375 கட்டங்களையும் ஒட்டிச் சீராக்கி 2011இல் கான் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள்.

நம் பக்கம் 1905இல், துபோன் என்ற பிரெஞ்சுக்காரரிடம் கருவியையும் படங்களையும் வாங்கிக்கொண்டு திருச்சி ரயில்வே ஊழியர் சாமிக்கண்ணு வின்சென்ட் ஊர் ஊராகக் கூடாரம் அடித்தார். அப்படிச் சுற்றிய பிரதிகள் ஓடி ஓடியே தேய்ந்தன. இங்கேயே எடுத்த மௌனப் படங்களில் நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ ஒரு சுருள்கூட மிஞ்சவில்லை. பால்கேயின் ‘காளிய மர்தன்’ பெரும்பாலும் தப்பியது நம் அதிர்ஷ்டம். வீட்டுக்குள் போன படத்துக்குத்தான் ஆயுள் அதிகம் என்பது என் கட்சி. சில மௌனப் படங்களுக்கு இன்று உலகில் இந்த ஒன்பதரைப் பிரதி மட்டுமே மிச்சம்.

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் இப்படி ஒரு ஒன்பதரைச் சுருள் கிடைத்தால் டப்பாவின் அழகில் மயங்காதீர்கள். துளை பிலிமின் நடுவில், கட்டத்துக்கும் கட்டத்துக்கும் இடையில் இருக்கும். தேய்ந்த கருவியில் ஓட்டியிருந்தால் இளவரசியின் முகம் நடுவாகக் கிழிந்திருக்கும். நாலைந்து அடி இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். மோந்தும் பாருங்கள். கடல்காற்று ஊரில் பிலிம் சீக்கிரம் புளிக்கும். காடி வாசம் அடிக்கும் சுருளை மற்றவற்றோடு ஒரே அலமாரியில் வைக்கக் கூடாது.